சங்கப் பலகையும் ஏட்டுச் சான்றும்

மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அருகே திருவள்ளுவருக்கென ஒரு கோயில் உள்ளது. இவ்வூரில் பிறந்த அவர் திருக்குறளை மதுரைக்குக் கொண்டுசென்று, தகுதியுள்ள நூலுக்கு மட்டுமே இடம் தரும் சங்கப் பலகையில் ஏற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்தச் சங்கம், அதாவது பாண்டியர் ஆதரவில் புலவர் கூடித் தமிழாய்ந்ததாகக் கூறப்படும் அவை, உண்மையில் இருந்ததா என்பதைச் சென்னை அறிஞர்கள் கடந்த நூற்றாண்டில் கூர்ந்து ஆராய்ந்தனர்.

மூன்று சங்கங்களின் வரலாற்றை முதன்முதலில் விரித்துரைப்பது, ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இறையனார் களவியல் உரை. தலைச்சங்கம் 4440 ஆண்டும் இடைச்சங்கம் 3700 ஆண்டும் கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவின என்று அது கூறும் மூன்று தொகைகளும் 37ஆல் மீதியின்றி வகுபடுவதால், அவை கணக்கிட்டு அமைக்கப்பட்டவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. என். சிவராஜ பிள்ளை 1932இல் இக்கதையை மறுத்தார், எஸ். வையாபுரிப் பிள்ளையோ, வச்சிரநந்தி என்னும் சமணத் துறவி கி.பி. 470இல் மதுரையில் நிறுவியதாகச் சொல்லப்படும் திராவிட சங்கத்தை இதனோடு தொடர்புபடுத்தினார்.

இவற்றினும் வலிய சான்று பாடல்களின் அடிக்குறிப்புகளிலேயே இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் புறநானூற்றை 1894இலும் குறுந்தொகையை 1937இலும் பதிப்பித்தார். அவர் திரட்டிய சுவடிகள், 1943இல் ருக்மிணி தேவி நிறுவி இன்று பெசன்ட் நகரில் இயங்கும், அவர் பெயர் தாங்கிய நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன. தொகுத்தோர் குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் அறியாமல், பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் குறித்திருக்கின்றனர். கடைச்சங்கத்தில் பாடியோர் 449 பேர் என்று எண்ணிவைக்குமளவு ஒழுங்குடைய அவை ஒன்று இருந்திருந்தால், தமிழின் தலைசிறந்த காதற்பாட்டொன்றைப் பாடியவரின் பெயர் இவ்வாறு தொலைந்திருக்குமா?

பெயர் தெரிந்தோரிலும் அறுவை வாணிகர் எனப்பட்ட துணி வணிகர், கூல வாணிகர், மருத்துவர் எனப் பல தொழிலினரும், உறையூர், காவிரிப்பூம்பட்டினம் எனப் பல ஊரினரும் இருந்தனர். அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன், ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் சேரன் என்பதால், தொகுக்கும் பணியும் மதுரைக்கு மட்டும் உரியதன்று. மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர் குழுவைப் பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் குறிப்பிடுவதால், அரசனைச் சூழ்ந்து புலவர் கூடியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவர்களை ஒன்றாக்கியது அந்த அவையன்று; பிரிவைப் பாலையோடும் காத்திருத்தலை முல்லையோடும் இணைத்துப் பாடும் திணை மரபை, சேர நாட்டாரும் சோழ நாட்டாரும் பாண்டி நாட்டாரும் ஒருசேரப் பயின்றிருந்தனர்.