கள் முட்டி தந்த கல்வி



மாத்தளை மாவட்டத்து நக்கிள்ஸ் மலைச்சாரலிலே கித்துள் பாளையைச் சீவி நீர் இறக்குவது நெடுங்காலத் தொழில். அந்நீரைப் பாணியாகவோ கருப்பட்டியாகவோ காய்ச்ச விரும்புவோர் முட்டியினுள் ஹல் மரப்பட்டையை இடுவர். இடாவிட்டால் நீர் நுரைத்துக் கள்ளாகிவிடும். அவ்வாறு ஆக்குவது மதுவம். ஈஸ்ட் என்றும் வழங்குவோம். கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைக்கல உயிர் அது. கருப்பட்டி காய்ச்சுவோருக்கு இடையூறான இவ்வுயிர், உலகத்து ஆய்வுகூடங்களிலே ஆசானாக அமர்ந்த வரலாறு கேட்கத்தக்கது.

1893 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் போல் லின்ட்னர், கிழக்காபிரிக்கச் சிறுதானிய மதுவிலிருந்து ஒரு மதுவத்தை இனங்கண்டார். சுவாகிலி மொழியில் மதுவைக் குறிக்கும் ‘பொம்பே’ என்னும் சொல்லே அதன் பெயராயிற்று. 1940களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்து அறிஞர் ஊர்ஸ் லொய்போல்ட் அதனைப் பிறப்புரிமையியல் ஆய்வுக்கு எடுத்தார். 1973 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆங்கிலேய இளைஞர் போல் நர்ஸ், பேர்ண் நகரிலே அவரிடம் பயின்றார். பின்னர் எடின்பரோவில் மேர்டொக் மிச்சிசனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். கலம் எப்பொழுது இரண்டாகப் பிரியவேண்டும் என்பதை ஆளும் பரம்பரையலகை ஆராய்வதே அவர் பணியாயிற்று. 1987 இல் அவ்வலகு பழுதுற்ற மதுவத்தினுள் மனிதனின் பரம்பரையலகைப் புகுத்தியபோது, மதுவம் பிழைத்துப் பெருகியது. கலப்பிரிவில் மதுவத்துக்கும் மனிதனுக்கும் விதி ஒன்றே என்பது கண்கூடாயிற்று. 2001 இல் நோபெல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

யப்பானியரான யொஷினோரி ஒசுமியின் கதையும் இத்தகையதே. கலாநிதிப் பட்டம் பெற்றபின் 1974 இல் நியூ யோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகம் சென்ற அவர், எலியை விட்டு மதுவத்தை ஆராயத் தொடங்கியது அங்கேதான். தாயகம் திரும்பிய பின்னர், பட்டினியுற்ற மதுவம் தன் உட்பொருளையே உண்டு உயிர்தாங்கும் முறையை விளக்கி, 2016 இல் நோபெல் பரிசு பெற்றார். பட்டத்துக்குப் பிந்திய அந்தச் சில ஆண்டுகளே இவ்விருவருக்கும் வாழ்நாள் முழுவதற்குமான வினாவை அளித்தன.

நம் நாட்டிலும் இதற்கு வித்து உண்டு. 1986 இல் அற்புதராசா, விதானபத்திரன, சமரஜீவ ஆகியோர் தென்னங்கள்ளில் 17 இன மதுவங்களை இனங்கண்டு வெளியிட்டனர். பத்தாண்டு கழித்து, 1996 இல், அப்ப மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்தின் ஏறக்குறைய 6,000 பரம்பரையலகுகளும் முழுமையாக வாசிக்கப்பட்டன. அந்த ஏட்டை ஒப்புநோக்கி, கித்துள் முட்டியில் வாழும் மதுவங்களை மூலக்கூற்று மட்டத்தில் ஆராய்வது இன்று இயலாத செயலன்று. கடல்கடந்து ஆய்வுக்குச் செல்லும் இளைஞர், வெறுங்கையோடு செல்லவேண்டியதில்லை. ஊரிலிருந்தே ஒரு வினாவைக் கொண்டு செல்லலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பொம்பே மதுவை வடித்த ஆபிரிக்கரின் பெயரை உலகம் அறியாது. ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டின் உரிமை என்று 1992 ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை வகுத்தது. இலங்கை 1994 இல் அதனை ஏற்றது. மாத்தளையின் முட்டியிலிருந்து அறிவு பிறக்குமாயின், மரம் ஏறியவரின் இசைவும் பங்கும் அவ்வறிவோடு சேர்ந்தே எழுதப்படுதல் வேண்டும்.