தாலும் இரைச்சலும்

சென்ற வைகாசியில் ஒரு மாலைப்பொழுது, திருவாரூர்த் தெற்கு வீதியை அடுத்திருக்கும் மூத்த நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். ஓடம்போக்கியாறு மணல் தெரியக் கிடந்தது. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் நண்பரின் வீட்டுக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளறையில் தூளியில் உறங்கிக்கொண்டிருந்த ஐந்து மாதப் பேத்திக்காக, கீழே வைத்திருந்த கைபேசி எந்த நாட்டிலோ பெய்த மழையை ஓயாமல் இரைத்துக்கொண்டிருந்தது.

தூளிக்கு அருகே சுவரில் சாய்ந்தபடி நண்பரின் தாயார் அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். நம்மைக் கண்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வாங்க தம்பி. வாயத் தொறந்தா புள்ள முழிச்சுக்கும்னு சொல்லியிருக்காங்க. அதான் சும்மா ஒக்காந்திருக்கேன்.”

நமக்கு அது வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருந்தது. நாட்டுப்புறவியல் பாடத்தில் பல ஆண்டுகளாகத் தாலாட்டு நடத்தி வருகிறோம். அந்த உரிமையில், “நீங்க எத்தனை புள்ளைங்களத் தாலாட்டியிருப்பீங்க, என்னென்ன பாட்டும்மா பாடுவீங்க?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டார். “பாட்டுன்னு எங்க தம்பி பாடுனோம்? ரோரோன்னுகிட்டே கெடப்போம். நடுவுல மனசுல உள்ளது நாலு வார்த்த வரும். புள்ள தூங்குனப்புறமும் வாய் நிக்காது.”

இந்த நான்கு வாக்கியங்களும் நாம் இதுவரை வகுப்பில் சொல்லிவந்ததைக் கலைத்துப் போட்டுவிட்டன. அந்தக் கலக்கத்தின் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்தக் கைபேசி மழையைப் பற்றிச் சிறிது பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனை ‘ஒயிட் நாய்ஸ்’ என்கிறார்கள். தமிழில் வெள்ளை இரைச்சல் எனலாம். எல்லா நிறங்களும் கலந்த ஒளி வெண்மையாகத் தெரிவதுபோல, காதுக்குக் கேட்கும் எல்லா அதிர்வெண்களும் ஒத்த வலிமையுடன் கலந்த ஓசை என்பது அதன் பொருள். மழை, அருவி, மின்விசிறி ஆகியவற்றின் ஓசை இந்த இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்தாது என்றாலும், வழக்கில் அவையும் இப்பெயரிலேயே விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு உறக்கத்துக்கென்றே ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. ஒரு கூட்டுக்குள் சிறு விசிறி சுழலும். அது எழுப்பும் காற்றோசைதான் சரக்கு. 1974இல் ஹாஜிமே முரோகா என்னும் ஜப்பானிய மகப்பேறு மருத்துவர், கருப்பைக்குள் பதிவு செய்த ஓசைகளை இசைத்தட்டாகவே வெளியிட்டார். அதன் பெயரில் ‘தாலாட்டு’ என்னும் சொல்லும் இருந்தது.

1990இல் லண்டன் மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. பிறந்து இரண்டு முதல் ஏழு நாள்களே ஆன 40 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரைச்சலைக் கேட்ட 20 குழந்தைகளுள் 16 குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டன. கேளாத 20 குழந்தைகளுள் அப்படி உறங்கியவை ஐந்தே. ஆகவே இரைச்சல் குழந்தையை உறங்கச் செய்கிறது என்பதை வெறும் விளம்பரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. கருவில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் குருதியோட்டமும் இதயத்துடிப்பும் குடலின் ஓசையும் இடைவிடாமல் சூழ்ந்த இடம் அது. பிறந்த குழந்தைக்கு அமைதிதான் புதிது. இரைச்சல் பழகிய ஒன்று.

இதனை நம் பாட்டிமார்கள் அறியாமலா இருந்தார்கள்? தாலாட்டு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஓசை தாலாட்டு என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வட்டாரத்துக்கு வட்டாரம் இதற்கு வேறு பெயர்களும் உண்டு: ஓராட்டு, ராராட்டு, தாராட்டு. இவற்றுள் எந்தப் பெயரும் பாடலின் பொருளைச் சுட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரா, ரோ, ஓ என்னும் ஓசைகளையே பெயராகக் கொண்டிருக்கின்றன. நாட்டு வழக்கைப் பொறுத்தவரை இது முதலில் ஓர் ஓசை, பிறகுதான் பாட்டு.

ஏட்டிலக்கியமும் தொடக்கத்தில் இதனை மறந்துவிடவில்லை. ஆழ்வார்களுள் பெரியாழ்வார் கண்ணனையும் குலசேகரர் இராமனையும் தொட்டிலில் இட்டுப் பாடினார்கள். இருவரும் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவர்கள் என்பர். குலசேகரரின் அந்தப் பதிகம், திருவாரூரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாகக் கண்டு, கோசலை தாலாட்டுவதாக அமைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், இரண்டாம் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் அதுவே மிகப் பழையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகிய தாலப் பருவத்தில், செய்யுள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஈற்றில் ‘தாலேலோ’ வந்தே தீரும். அகராதியில் பொருள் தேட வேண்டாத சொல் அது. அரசவைப் புலவர்களும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தொட்டிலடிப் பெண்களிடமிருந்து கடன் வாங்கினார்கள்.

மறதி அச்சோடு வந்தது. நாட்டுப்பாடல்களை நூலாக்கும் பணி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேகம் பெற்றது. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’யாக வெளியிட்டது. நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. இப்பெரியோர்களின் உழைப்பு இல்லையேல் நமக்கு நடத்தப் பாடமே இல்லை. ஆயினும் அச்சுக்கென்று ஒரு சிக்கனம் உண்டு. பக்கம் பக்கமாக ‘ரோரோ’ என்று எந்தப் பதிப்பாளராலும் அடிக்க இயலாது. எனவே தாலாட்டுத் தொகுப்புகளில் பெரும்பாலும் ஆராரோ என்பது பாடலின் தலையில் ஒருமுறையும் ஈற்றில் ஒருமுறையும் நின்றுவிடுகிறது. இடையில் இருப்பதெல்லாம் சொற்கள். அழுத குழந்தையிடம் அடித்தவர் யாரென்று உறவுமுறை ஒவ்வொன்றாய்க் கேட்பது, தாய்மாமன் கொண்டுவரும் சீரை அடுக்குவது, பிறந்தகத்துப் பெருமை, புகுந்தகத்துக் குறை. நாம் வகுப்பில் விளக்கியது இவற்றைத்தான். போதாக்குறைக்கு, ஆராரோ என்பது ‘யார் யாரோ’ என்னும் தொடரின் மரூஉ என்று மாணவர்களை எழுதவும் வைத்தோம். ஓசைக்கு ஓசையாக இருக்கும் உரிமையைக்கூட நாம் அளிக்கவில்லை.

உண்மையில் தொட்டிலடியில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பெரும்பகுதி ஓசை, சிறுபகுதி சொல். ரோரோ என்று நாக்கு உருள்கிறது. உத்தரத்தில் கயிறு உராய்ந்து கிறீச்சிடுகிறது. அந்தத் தாளத்துக்கு நடுவே மனத்தில் உள்ளது நாலு வார்த்தை வருகிறது. ஓசை சேய்க்கு, சொல் தாய்க்கு. ஐந்து மாதக் குழந்தைக்கு மாமன் சீரும் தெரியாது, மாமியார் கொடுமையும் தெரியாது. புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பான இடம் அது. “குழந்தைக்குப் பாடுகிறேன்” என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. குழந்தை தூங்கிய பின்னும் வாய் நிற்பதில்லை என்று நண்பரின் தாயார் சொன்னதன் காரணம் இதுவே.

அந்த இடமும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கீழத்தஞ்சையின் பண்ணையாள் குடும்பங்களில் குழந்தை வரப்போரத்து மரக்கிளையில் கட்டிய தூளியில் கிடக்கும். தாய் சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருப்பாள். பண்ணையாள்களின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் வருவதற்கே 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்த மண் இது. அந்தக் குழந்தைகளை உறங்கவைத்தது மடைநீரின் சலசலப்பு, காற்று, தொலைவில் எழுந்த நடவுப் பாட்டு, குலவை. வெள்ளை இரைச்சலை விலையின்றிப் பெற்றவர்கள் அவர்கள். ஆனால் அவர்களின் தாய்மார்களுக்குத் தொட்டிலடி நேரம் கிடைக்கவில்லை. குழந்தை உறங்கிவிட்டது என்பதாலேயே குறை ஏதும் இல்லை என்று ஆகிவிடுமா?

குலசேகராழ்வார் இக்கேள்வியை நெடுங்காலத்துக்கு முன்பே எழுப்பியிருக்கிறார். கோசலையின் தாலாட்டுக்கு முந்திய பதிகம் தேவகியின் புலம்பல். கண்ணனைப் பெற்றும் அவனைத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே, எல்லாவற்றையும் அசோதையே பெற்றாளே என்பது அவள் துயரம். கண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆயர்பாடியில் அவன் நன்றாகவே உறங்கினான். தாலாட்ட முடியாமற்போனதில் இழப்பு தாய்க்கும் உண்டு என்று கண்டு, அதற்கென்றே ஒரு பதிகம் முழுவதையும் ஒதுக்கினார் அந்தக் கவிஞர். தாலாட்டுக்கு இரண்டு பயனாளிகள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சேய்க்கு ஓசை போதும், அது எவர் ஓசையாயினும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்களுக்குள்ளான குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள. குழந்தை இரப்பர்க் காம்பைச் சப்பும் விதத்துக்கேற்பத் தாயின் குரலோ வேறு பெண்ணின் குரலோ ஒலிக்கும். தாயின் குரல் வருவதற்கேற்பவே குழந்தைகள் சப்பலை மாற்றிக்கொண்டன. பொருள் விளங்காத வயதிலும் ஆள் விளங்குகிறது.

கருவிகளைப் பற்றி எச்சரிக்கைகளும் உண்டு. 2014இல் கனடா நாட்டு டொராண்டோ மருத்துவர்கள், குழந்தை உறக்கத்துக்கென விற்கப்படும் 14 கருவிகளை அளந்தார்கள். உச்ச ஒலியில், 30 செ.மீ. தொலைவில், மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 50 டெசிபல் அளவை அத்தனை கருவிகளும் மீறின; மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. கருவியை இரண்டு மீட்டருக்கு அப்பால் வைக்கவும், ஒலியைக் குறைக்கவும், இரவு முழுதும் ஓடவிடாமலிருக்கவும் சொல்வது இதனால்தான். 2003இல் எலிக்குட்டிகளைத் தொடர் இரைச்சலில் வளர்த்துப் பார்த்த கலிபோர்னிய ஆய்வாளர்கள், அவற்றின் மூளையில் கேள்விப்பகுதி முதிர்வது தாமதப்படுவதைக் கண்டார்கள். எலி வேறு, மனிதக் குழந்தை வேறுதான். எனினும் மொழியைக் கேட்டுக் கற்க வேண்டிய வயதில் இரைச்சல் மொழியை மூடிவிடக் கூடாது என்பது யாவர்க்கும் விளங்கும்.

திருவாரூர்க்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. நம் ஊர்த் தியாகேசர் ஆடுவது அசபா நடனம். அசபை என்றால் உச்சரிக்கப்படாத மந்திரம், மூச்சு. திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்தபோது அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆடிய ஆட்டம் என்பது தலபுராணம். மார்பில் கிடத்தி உறங்கவைக்கப்பட்ட எந்தக் குழந்தைக்கும் இந்த ஆட்டம் தெரியும். மூச்சின் ஓசை சீரானது, மெல்லியது, சொல் அற்றது. அதே சமயம் ஓர் ஆளுடையது.

கைபேசி மழையை நாம் குறைகூறவில்லை. இரவுப் பணி முடித்து வரும் தாய்க்கும், உதவிக்கு ஆளில்லாத சிறு குடும்பத்துக்கும் அது செய்யும் உதவி பெரிது. நம் வருத்தமெல்லாம், அந்த மழைக்காக ஒரு மூதாட்டி வாய்மூடி அமர்ந்திருக்க நேர்ந்ததைப் பற்றியே.

அன்று விடைபெறும் முன் கைபேசிக்கு ஏதோ அழைப்பு வந்து மழை நின்றது. குழந்தை நெளிந்தது. யாரும் வருவதற்குள் நண்பரின் தாயார் தூளிக் கயிற்றைப் பற்றினார். ரோரோ என்று நாக்கு உருண்டது. நாம் பழக்கதோஷத்தில் குறிப்பேட்டைத் திறந்தோம். எழுத ஒன்றும் இருக்கவில்லை. ரோ என்னும் ஓரெழுத்தை எத்தனை முறை எழுதுவது? நெடுநேரம் கழித்து, காலமாகிவிட்ட தம் தமையன் ஒருவரைப் பற்றி இரண்டு சொற்கள் வந்தன. அவற்றை நாம் எழுதிக்கொள்ளவில்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து முதியவர்களிடம் தாலாட்டுக் கேட்டுப் பதிவு செய்யும்போது, “பாட்டைச் சொல்லுங்கள்” என்று அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு குழந்தையைத் தூளியில் இட்டு, கயிற்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். இடையில் வரும் ஓசை முழுவதையும் வெட்டாமல் வையுங்கள். அச்சில் ஏறாமற்போன பாதி அதில்தான் இருக்கிறது.