ஆறரையாவது மெட்டு

பி.ஏ. வகுப்பில் கோலரிட்ஜின் 'குப்ளா கான்' நடந்தபோது, அந்த அபிஸீனியப் பெண் வைத்திருந்த டல்ஸிமர் என்பது என்ன என்று கேட்டேன். ஒரு வாத்தியம் என்றார் ஆசிரியர். பரீட்சைக்கு அது போதும். பல வருஷங்கள் கழித்து, கென்டக்கி மலைக்காரியான ஜீன் ரிச்சியின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அதிலும் அதே பெயர். அதுதான் இது என்று நம்பிக்கொண்டேன். தவறு. ஆனால் நான் மட்டும் செய்த தவறல்ல என்பது பிறகு தெரிந்தது.

கோலரிட்ஜின் கவிதை 1816இல் அச்சானது. அன்றைய ஆங்கிலத்தில் டல்ஸிமர் என்றால் சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிப்பது, ஸந்தூர் வகை. அப்பலேச்சிய மலைகளின் டல்ஸிமர் வேறு. மடியில் கிடத்தி வாசிக்கும் நீண்ட, ஒடுங்கிய பெட்டி. பெரும்பாலும் மூன்று தந்திகள். ஒன்றில் பாட்டு; மற்றவை சுருதி. இடது கையில் ஒரு சிறு குச்சி. அதைப் பாட்டுத் தந்தியின் மேல் அழுத்தி, மெட்டுக்கு மெட்டு நகர்த்த வேண்டும். வலது கையில் இறகுத் தண்டோ சீவிய மரச் சில்லோ இருக்கும்.

இதன் பூர்வீகம் ஜெர்மானியம். ஷைட்ஹோல்ட் என்ற மூதாதை வாத்தியத்தை மைக்கேல் பிரெட்டோரியஸ் 1619இல் விவரிக்கிறார், கந்தல் வாத்தியங்களோடு சேர்க்கத் தக்கது என்ற ஏளனத்துடன். ஜெர்மானியக் குடியேறிகள் அதைப் பென்ஸில்வேனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலைப் பள்ளத்தாக்குகளில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்தவர்களிடையே அது இன்றைய உருவை எடுத்தது. அவர்கள் புறப்பட்டுவந்த தேசங்களில் இப்படி ஒரு வாத்தியம் இருந்ததில்லை. பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்தது. 1611ஆம் வருஷத்து பைபிளில், தானியேல் புத்தகத்தில், அது வருகிறது. மூலத்தில் உள்ள சொல் எந்த வாத்தியத்தைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆக, கந்தல் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு வேதத்திலும் கவிதையிலும் இடம்பெற்ற பெயர் வாய்த்துவிட்டது.

இந்தப் பெயர் பிற்பாடு வேலை செய்தது. கென்டக்கியின் நாட் மாவட்டத்தில் ஹிண்ட்மன் என்ற ஊர். 1902இல் இரண்டு பெண்கள் அங்கே ஒரு பள்ளியை நிறுவினார்கள். அதே மாவட்டத்தில் எட்வர்ட் தாமஸ் (1850–1933) என்பவர் 1871 முதல் டல்ஸிமர் செய்து விற்றுவந்தார். இடை சிறுத்த உருவம், இதய வடிவத் துளைகள். ஆயிரத்துக்கு மேல் செய்தார். அவரிடமிருந்து மாதிரி அச்சுகளைப் பெற்ற ஜெத்ரோ ஆம்பர்கி பள்ளியில் மரவேலை ஆசிரியரானார். வெளியூர் அபிமானிகள் அந்த வாத்தியத்தில் எலிஸபெத் காலத்து இங்கிலாந்தின் எச்சத்தைக் கண்டார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்ட பாஞ்சோவில் அதைக் காண முடியவில்லை. பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில். டேவிட் விஸ்னன்ட் 1983இல் எழுதிய 'ஆல் தட் இஸ் நேட்டிவ் அண்ட் ஃபைன்' இந்தத் தேர்வை விசாரிக்கிற நூல். மரபு என்று நம்மிடம் வந்துசேர்வது, யாரோ பொறுக்கி எடுத்து மிச்சத்தைத் திண்ணையிலேயே விட்டுவந்தது. அதே 1983இல் ஆலன் ஸ்மித் பழைய டல்ஸிமர்களின் விவரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதைப் பார்த்தால் தாமஸின் உருவம் பலவற்றில் ஒன்று என்பது புரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று இந்த வாத்தியத்தைச் செய்பவர்களும் பழையதைச் செப்பனிடுகிறவர்களும் ஓயாமல் சச்சரவிடுவது ஒரு மெட்டைப் பற்றி.

வீணையில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள். டல்ஸிமரில் ஏழுதான். திறந்த தந்தியை ஸட்ஜமாக வைத்து வாசித்தால் ஆறாவது மெட்டில் கைசிகி நிஷாதம் விழும், ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் வேண்டுமென்றால் தந்தியை வேறு சுருதிக்கு மாற்றி, மூன்றாவது மெட்டை ஸட்ஜமாக்கிக்கொள்ள வேண்டும். பழைய வாசகர்கள் அப்படித்தான் செய்தார்கள். பாட்டு மாறும்போது பிருடையைத் திருகினார்கள். 1960களில் நகரத்து இளைஞர்கள் வாத்தியத்தைக் கையில் எடுத்த பிறகு, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் காகலி நிஷாதத்துக்காக ஒரு மெட்டு சேர்ந்தது. அதன் பெயர் ஆறரை. சுருதி மாற்றாமலே இரண்டும் கிடைத்தன. புதிய வாத்தியங்களில் இப்போது இது சாதாரணம்.

நூறு வருஷத்து வாத்தியம் ஒன்று செப்பனிட வருகிறது. ஆறரை வைப்பதா? வாசிக்கப்படாத வாத்தியம் பிணம், வை என்கிறது ஒரு கட்சி. தொடாதே என்கிறது மற்றது. பழையவற்றில் பல, பாட்டுத் தந்திக்கு அடியில் மட்டும் கம்பியை வளைத்து அடித்த அரை மெட்டுகள் கொண்டவை. அவற்றைப் பிடுங்கிவிட்டு முழு அகலத்துக்குப் புது மெட்டு போடுவதும் நடக்கிறது. அப்போதுதான் மூன்று தந்திகளையும் விரலால் அழுத்தி வாசிக்க முடியும்.

நான் தொடாதே என்கிறவர்கள் பக்கம். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அவர்கள் தூய்மையைப் பேசுகிறார்கள். அந்தத் தூய்மை எப்படித் தயாரானது என்பதை மேலே சொன்னேன். என் காரணம் வேறு. இல்லாத அந்த மெட்டு ஒரு சாட்சியம். வாசித்தவன் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிறுத்தி, காதைச் சாய்த்து, சுருதி சேர்த்தான் என்று அந்த வெற்றிடம் சொல்கிறது. மரத்தில் பள்ளம் அறுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஏட்டுப் பிரதியில் தனக்குப் புரியாத சொல்லைத் திருத்தி அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை.

வங்கியில் கையால் எழுதும் பதிவேடுகள் ஒன்றிரண்டு இன்னும் உண்டு. தவறான எண்ணைச் சுரண்டக் கூடாது. ஒரே கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். தவறும் படிக்கக் கிடைக்க வேண்டும். நல்ல செப்பனிடுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். விரிசலை ஒட்ட வஜ்ஜிரம்தான் போடுகிறார்கள், எபாக்ஸி அல்ல. வஜ்ஜிரம் ஈரத்திலும் சூட்டிலும் இளகும். நாளை வேறொருவர் வந்து இன்றைய வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். ஆறரை வேண்டுமென்கிறவருக்குப் புதிதாக ஒன்று செய்துகொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாமஸின் அளவிலேயே செய்யலாம், ஆறரை மெட்டும் வைக்கலாம்.

2001இல் கென்டக்கி இதைத் தன் அதிகாரபூர்வ வாத்தியமாக அறிவித்தது. 2019 வாக்கில் ஹிண்ட்மனில் தந்தி வாத்தியத் தொழிற்கூடம் ஒன்று ஏற்பட்டது. போதை மருந்திலிருந்து மீண்டுவருகிறவர்கள் அங்கே கிட்டாரும் மேண்டலினும் டல்ஸிமரும் செய்கிறார்கள். 2022 ஜூலை இறுதியில் டிரபிள்ஸம் என்ற ஓடை - தொல்லை என்றே பெயர் - பெருக்கெடுத்து தொழிற்கூடத்துக்குள்ளும், பள்ளியின் ஆவண அறைக்குள்ளும் புகுந்தது. கிழக்குக் கென்டக்கியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த காகிதங்களை உலர்த்தவும் சேற்றைக் கழுவி மரத்தைப் பிரிக்கவும் ஆட்கள் வந்தார்கள்.

எலிஸபெத் ராணி காலத்து எச்சம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. எந்த ஆதி உருவையும் அவர்கள் மீட்கவில்லை. இளகிய ஒட்டை மறுபடி ஒட்டுகிறார்கள். மரபு பற்றி நான் வாசித்த கட்டுரைகளைவிட அந்தக் காரியம் எனக்குத் தெளிவாக இருக்கிறது.