தாமஸ் டால்பி: ஒரு ஹிட் பாட்டுல இருந்து ரிங்டோன் வரைக்கும்

இன்னைக்கு நான் பேசப்போறது தாமஸ் டால்பினு ஒரு பிரிட்டிஷ் இசைக்கலைஞரைப் பத்தி. பேர் தெரியலைன்னாலும் பரவாயில்லை. 2000-களின் தொடக்கத்துல வந்த பாலிஃபோனிக் நோக்கியா போன் உங்க வீட்டுல இருந்திருந்தா, அவரோட வேலையை அநேகமா நீங்க கேட்டிருப்பீங்க.

1958-ல லண்டன்ல பிறந்தவர். நிஜப் பேர் தாமஸ் மார்கன் ராபர்ட்சன். எந்நேரமும் கீபோர்டும் கேசட்டுமா திரிஞ்சதால நண்பர்கள் வச்ச பட்டப்பேர்தான் 'டால்பி'. கேசட்டோட இரைச்சலைக் குறைக்கிற டெக்னாலஜியை உருவாக்கின கம்பெனியோட பேர் அது. பின்னால அந்தக் கம்பெனி கேஸ் போட்டும், பேர் இவர்கிட்டயே தங்கிடுச்சு.

70-களின் கடைசியில பிரிட்டன்ல பங்க் அலை ஓய ஆரம்பிச்சது. சிந்தசைசர் விலையும் இறங்கிச்சு. பெரிய ஸ்டூடியோ இல்லாத பசங்களும் புதுப்புது சத்தங்களை உருவாக்க முடிஞ்சது. அந்த நியூ வேவ் காலத்துப் பிள்ளைதான் டால்பி. 1981-ல ஃபாரினர் ராக் குழுவோட '4' ஆல்பத்துக்கு சிந்தசைசர் வாசிச்சார். அதுல கிடைச்ச காசு அவரோட சொந்த ஆல்பத்துக்கு உதவிச்சு.

1982-ல 'ஷி பிளைண்டட் மி வித் சயின்ஸ்' வந்தது. மேக்னஸ் பைக்குங்கிற நிஜமான டிவி விஞ்ஞானியே வீடியோல வந்து கையை வீசிக் கத்துவார். எம்டிவி காலம் இல்லையா? அடுத்த வருஷம் அமெரிக்காவுல 5-ஆவது இடம். சொந்த ஊர் பிரிட்டன்ல வெறும் 49!

'ஒன் ஹிட் வொண்டர்'னு அமெரிக்காவுல முத்திரை குத்திட்டாங்க. ஆனா 1985-ல லைவ் எய்டு மேடையில டேவிட் போவிக்குப் பக்கத்துல கீபோர்டு வாசிச்சது இவர்தான். அதே வருஷம் ப்ரீஃபாப் ஸ்ப்ரவுட்டோட 'ஸ்டீவ் மெக்வீன்' ஆல்பத்தைத் தயாரிச்சதும் இவர்தான்.

1993-ல கலிஃபோர்னியாவுல ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். பின்னாடி அதுக்கு 'பீட்னிக்'னு பேர் வந்தது. முதல் கனவு, ஊமையா இருந்த இன்டர்நெட்டுக்குக் குரல் கொடுக்கிறது. ஆனா உண்மையிலேயே கைகொடுத்தது மொபைல் போன்தான்.

அன்னைக்குப் போன்ல மெமரி ரொம்பக் கம்மி. ஒரு முழுப் பாட்டை உள்ளே வைக்க முடியாது. பீட்னிக் என்ன செஞ்சதுன்னா, பிரியாணியை பார்சல் கட்டாம செய்முறையை மட்டும் அனுப்பிச்சது. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம்ங்கிற குறிப்பு மட்டும் ஃபைல்ல இருக்கும். போனுக்குள்ள இருக்கிற மென்பொருள் சிந்தசைசர் அதைப் பார்த்து அந்த நொடியிலேயே வாசிக்கும். அந்த மென்பொருளுக்கு நோக்கியா லைசென்ஸ் வாங்கிச்சு. கோடிக்கணக்கான போன்களுக்குள்ள அது போய்ச் சேர்ந்தது.

இங்க ஒரு குழப்பம் வரும். நோக்கியா ட்யூன் டால்பி போட்ட மெட்டு இல்லை. அது ஸ்பெயின் கிதார் கலைஞர் பிரான்சிஸ்கோ டாரெகாவோட 'கிரான் வால்ஸ்'ல இருந்து வந்தது. மெட்டு டாரெகாவோடது, அதைப் பாலிஃபோனிக்கா வாசிச்ச கருவி டால்பி கம்பெனியோடது.

அப்புறம் போன் மெமரி பெருசாச்சு. நிஜப் பாட்டையே ரிங்டோனா வைக்க ஆரம்பிச்சோம். அந்தச் சின்ன சிந்தசைசருக்கு வேலை குறைஞ்சு போச்சு.

டால்பி நிக்கலை. டெட் மாநாடுகளுக்கு இசை இயக்குநரா இருந்தார். இங்கிலாந்தோட சஃபோக் கடற்கரையில ஒரு பழைய உயிர்காப்புப் படகை, காத்துலயும் வெயில்லயும் ஓடுற ஸ்டூடியோவா மாத்தினார். 2014-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார்.

இதையெல்லாம் ஒரு ஆள் துறை விட்டுத் துறை தாவின கதைன்னு நான் பார்க்கலை. ஃபாரினருக்கு வாசிச்சப்பவும் நோக்கியாவுக்குச் செஞ்சப்பவும், ஒரு மெஷினைப் பாட வைக்கிறதுதான் அவரோட வேலை. என்ன, ஹிட் பாட்டுல அவர் பேர் இருந்தது, ரிங்டோன்ல இல்லை. அவரோட வேலை அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்தது பேர் இல்லாத அந்த இடத்துலதான். அவரை ஒரே ஒரு பாட்டை வச்சு எடை போடுறது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்லுங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.