ஜாம் போத்தல் விளக்கும் மனைச் சிக்கனமும்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய், மின்கலம் முதலியன பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. மறைவாக வந்து சேர்ந்தவையோ சாதாரண குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாத விலையில் விற்கப்பட்டன.

இந்நிலையிற் பரவியதே ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. அது நனையுமளவு மண்ணெண்ணெய். நடுவே மெல்லிய திரி. எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்தது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயிற் சிறு பங்கே இதற்குப் போதுமாயிற்று. சவர்க்காரம் அரிதானபோது பனம்பழச் சாற்றில் ஆடை தோய்த்தனர். இது புதுமையன்று, முதியோர் முன்பே அறிந்திருந்த முறை.

இவற்றைச் சிக்கனத்தின் சிறப்பெனப் போற்றுவோர் உளர். அது முழு உண்மையன்று. செலவிட வல்லவர் செலவிடாதிருத்தலே சிக்கனம்; இங்கோ தெரிவுக்கு இடமிருக்கவில்லை. ஆயினும், இல்லாமையையும் அளந்து பகிர்ந்த திறன் இல்லத்தரசியருடையது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுள்ள வீட்டில் இருந்த ஒரு சுடர் அப்பிள்ளையின் மேசைக்கே சென்றது. அடுக்களை வேலை பொழுது சாயுமுன் முடிக்கப்பட்டது. முடியாத நாளில் அடுப்பு வெளிச்சத்திலேயே நடந்தது.