வில்லடியில் பிறந்த நகை

ஒண்டிக்கடையில் புறப்பட்டுச் சேலம் நோக்கி இறங்கும் பேருந்து, மலைவளைவுகளைக் கடந்து சமவெளியைத் தொட்டபின், ஏற்காட்டுச் சாலையோரம் நிற்கும் ஒரு நுழைவு வளைவைத் தாண்டிச் செல்லும். டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் எச்சம் அது. அந்நிறுவனத்தின் ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் பி.யு.சின்னப்பாவோடு என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்தனர். கலைவாணர் என்றதும் இத்தகைய படங்களையே நினைவுகூர்வது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அவர் கலையின் ஊற்றோ நாடக மேடையிலும், அதற்கும் முன்பாக நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் ஒலித்த வில்லிலும் இருக்கிறது.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கிருஷ்ணன் வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பை நீளத் தொடர இயலாதவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனுக்கு மேடைமேல் ஆசை பிறந்தது. 1925-இல் தொடங்கப்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தார்.

அக்கால இசை நாடகங்களில் பபூனுக்கு உரிய இடம் எது? வள்ளி திருமணமாயினும் கோவலன் கதையாயினும், திரை விலகியதும் ஆர்மோனியத்தின் துணையோடு ஆடிப்பாடி அவையைக் கலகலப்பாக்குவான். காட்சிகளுக்கு நடுவே மீண்டும் வருவான். கதைக்கும் அவனுக்கும் பெரும்பாலும் உறவில்லை. சிரிப்பு மலிந்தது, மதிப்பு மலியவில்லை.

வில்லுப்பாட்டின் இலக்கணம் வேறு. முதன்மைப் பாடகர் கதையை எடுத்துரைப்பார். உடுக்கும் குடமும் ஒலிக்க, அருகிருப்போர் ‘ஆமாம்’ என்று ஏற்பர், இடைமறித்துக் கேட்பர், ஐயுறுவர். கேள்வியே கதையை நகர்த்தும். இவ்விலக்கணத்தைக் கிருஷ்ணன் மேடைக்குக் கொணர்ந்தார் என்பதே அவர் செய்த பெரும்பணி எனத் தோன்றுகிறது. வெ.சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ அரசின் தடைக்கு ஆளாகி, ‘தேசபக்தி’ என்னும் பெயரில் டி.கே.எஸ். குழுவினரால் நடிக்கப்பெற்றபோது, காந்தியடிகளின் வரலாற்றை அதனுள் வில்லுப்பாட்டாகப் பாடினார். கோயில் கொடையில் தெய்வக்கதை கேட்ட வில், விடுதலைக்கதை பேசிற்று. பின்னாளில் மதுரத்தோடு அவர் நிகழ்த்திய உரையாடல்களிலும், ஒருவர் சொல்ல மற்றவர் மறிக்கும் அந்த வில்லிசைப் பாங்கையே காணலாம்.

‘கிந்தனார்’ அதன் முதிர்ந்த கனி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் தில்லை காண ஏங்கினான். கிந்தன் கல்வி கற்கப் பட்டணம் போக ஏங்குகிறான். காலட்சேபத்தின் மரபு மாறவில்லை; தெய்வம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் அமர்ந்தது. எள்ளல் இங்கு நந்தனை நோக்கியதன்று, அவனை வெளியே நிறுத்தியோரை நோக்கியது. பகடிப்பா எழுதும் கவிஞர்கள் ஒருமுறையேனும் கேட்டறிய வேண்டிய நுட்பம் இது. 1949-இல் ‘நல்லதம்பி’ படத்திலும் இக்காலட்சேபம் இடம்பெற்றது.

இடையில் வந்தது பெருந்துன்பம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், தியாகராஜ பாகவதரோடு 1944 இறுதியில் கைதானார், தண்டனையும் பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை கிட்டியது. அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் நாடகக்குழு சிதறியிருக்கலாம். சிதறாமல் காத்தவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு ‘பைத்தியக்காரன்’ முதலிய நாடகங்களை நடத்தி, நடிகர்களுக்குச் சோறும் வழக்குக்குப் பொருளும் தேடினார். கிருஷ்ணனின் வரலாற்றை எழுதுவோர் அம்மையாரை ‘இணை’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது நீதியன்று. அக்காலத்தில் அவரே குழுவின் தலைவி. ‘பைத்தியக்காரன்’ 1947-இல் படமானபோது, சிறைமீண்ட கணவருக்கென அதில் புதிதாக ஒரு வேடம் சேர்க்கப்பெற்றது.

கலைவாணர் 1957 ஆகஸ்டு 30-இல் மறைந்தார். வில்லுப்பாட்டு எழுத அவர் சென்னைக்கு அழைத்து வந்த இளைஞர் சுப்பு ஆறுமுகம், அதன்பின் அறுபதாண்டுகளுக்கும் மேலாக வில்லை ஏந்தினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார்.