குடும்பத் தாடை: மூச்சு, உறக்கம், மரபு குறித்த ஒரு விவாதத்தின் வரலாறு

ஹாப்ஸ்பர்க் அரச மரபினரின் உருவப்படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் ஒற்றுமை உடனே புலப்படும்: முன்தள்ளிய கீழ்த்தாடை, தடித்த கீழுதடு, முழுமையாக மூடாத வாய். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் (1500–1558) வாய் எப்போதும் சற்றே திறந்திருந்ததை அவரை நேரில் கண்டவர்கள் எழுதி வைத்துள்ளனர். இம்மரபின் ஸ்பானியக் கிளை 1700இல் இரண்டாம் கார்லோஸின் மரணத்தோடு முடிந்தது. 2019இல் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மரபைச் சேர்ந்த 15 பேரின் 66 ஓவியங்களை முகத்தாடை அறுவை மருத்துவர்களிடம் அளித்து மதிப்பிடச் செய்தனர். நெருங்கிய உறவுக்குள் நிகழ்ந்த மணங்களின் விளைவு எவரிடம் மிகுந்திருந்ததோ, அவரிடமே கீழ்த்தாடையின் முன்தள்ளலும் மிகுந்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

தாடை என்பது தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ இறங்கும் சொத்து என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் இச்சான்றின் தெளிவே ஒரு மயக்கத்துக்கும் இடமளித்தது. உலகின் பெரும்பாலான குடும்பங்கள் ஹாப்ஸ்பர்க் குடும்பங்கள் அல்ல. அவற்றில் தாத்தா குறட்டை விடுகிறார். தாய்க்குப் பற்கள் நெருங்கி முளைத்துள்ளன. பிள்ளை வாயைத் திறந்தபடி உறங்குகிறது. இவை மூன்றும் ஒரே கதையின் பகுதிகளா, ஆம் எனில் அக்கதையை எழுதியது மரபா வாழ்க்கைமுறையா என்ற கேள்வி, மருத்துவத்துக்குள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

தொடக்கம் ஒரு மருத்துவரிடமிருந்து வரவில்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் கேட்லின் 1830களில் வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே பயணம் செய்து அவர்களை வரைந்தவர். உறங்கும் குழந்தையின் உதடுகளைத் தாய்மார் மெல்லச் சேர்த்து மூடிவிடும் வழக்கத்தை அவர் கண்டார். 1861இல் வெளியிட்ட நூலில், மூக்கால் மூச்சுவிடுதலே ஒழுங்கான பற்களுக்கும் நல்லுறக்கத்துக்கும் அடிப்படை என்று வாதிட்டார். ஏறத்தாழ எல்லா நோய்க்கும் வாய்வழி மூச்சே காரணம் என்னும் அளவுக்கு அவர் சென்றது மிகை. ஆயினும் மூச்சு, உறக்கம், தாடை ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசியது அவருடைய பங்களிப்பு. அவருக்கு இது பழக்கத்தின் விளைவு. தாய் பிள்ளைக்குக் கற்றுத்தரும் ஒன்று.

பழக்கம் என்ற விளக்கத்தின் இடத்தில் தடை என்ற விளக்கத்தை வைத்தவர் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேருமிடத்தில் வளரும் சதைத்திரளை, இன்று அடினாய்டு எனப்படுவதை, அவர் 1868இல் விவரித்தார். குழந்தை வாயைத் திறப்பது சோம்பலால் அன்று. மூக்கில் வழியில்லாததால் என்பது இதனால் விளங்கியது. 1872இல் ஆங்கிலேயப் பல்மருத்துவர் சார்லஸ் டோம்ஸ் அடுத்த படியை எடுத்தார். வாய் திறந்தே இருக்கும்போது கன்னத் தசைகளின் அழுத்தம் மேல்தாடையை இருபுறமிருந்தும் நெருக்குகிறது. பல்வரிசை அகன்ற வளைவாக அமையாமல் முன்புறம் கூராகக் குறுகுகிறது என்றார். எலும்பின் வடிவத்தை மூச்சு மாற்றக்கூடும் என்பது அக்காலத்துக்குத் துணிவான கருத்து.

இக்கருத்து வகுப்பறையை அடைந்தபோதுதான் அதன் சமூகப் பொருள் வெளிப்பட்டது. 1880இல் இங்கிலாந்தில் குழந்தைகள் பள்ளிக்கு வருவது கட்டாயமாக்கப்பட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டபோது, 'பின்தங்கிய பிள்ளை' என்னும் வகை உருவாயிற்று. 1889இல் வில்லியம் ஹில் என்னும் மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையில், மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட சில பிள்ளைகளின் சிக்கல் மூளையில் இல்லை, மூக்குக்குப் பின்னுள்ள அடைப்பில் உள்ளது என்று கூறினார். 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூல், டான்சில் வீங்கிய குழந்தையின் இரவை நுட்பமாக விவரித்தது: குலையும் உறக்கம், உரத்த மூச்சொலி, இடையிடையே மூச்சு தடைப்படுதல், பகலில் மந்தமான முகம். இன்றைய உறக்க மருத்துவம் குழந்தைகளிடம் காணும் குறிகளுள் பெரும்பாலானவை அதில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தன.

அவ்வாறிருந்தும் இந்த அறிவு ஏன் தொடரவில்லை? காரணங்கள் இரண்டு. முதலாவது, சிகிச்சையின் மிகை. பற்சீரமைப்புத் துறையின் முன்னோடியான எட்வர்ட் ஏங்கிள் 1907இல் வாய்வழி மூச்சைப் பல் ஒழுங்கின்மையின் முதன்மைக் காரணங்களுள் வைத்தார். 1923இல் பிரான்சின் பியர் ரோபின், சிறுத்த கீழ்த்தாடையுள்ள சிசுக்களின் நாக்கு பின்சரிந்து மூச்சுவழியை அடைப்பதை விவரித்தார். இதே காலத்தில் டான்சில், அடினாய்டு அறுவை அமெரிக்காவில் குழந்தைப்பருவச் சடங்குபோல் ஆகிவிட்டது. 1934இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்று இதன் நிலையைக் காட்டியது. 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரில் 61 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டான்சில் நீக்கப்பட்டிருந்தது. எஞ்சியோரை மருத்துவர்கள் சோதித்து 45 விழுக்காட்டினருக்கு அறுவை தேவை என்றனர். தேவையில்லை எனப்பட்டோரை வேறு மருத்துவர்கள் சோதித்தபோது அவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குத் தேவை என்றனர். மூன்றாம் முறையும் முடிவு ஏறத்தாழ அதுவே. அளவுகோல் நோயில் இல்லை, வழக்கத்தில் இருந்தது. இம்மிகை அம்பலமானபோது, அதன் அடியிலிருந்த உண்மையான கவனிப்பும் சேர்ந்தே மதிப்பிழந்தது.

இரண்டாவது காரணம், துறைகளின் பிரிவு. மூக்கும் தொண்டையும் ஒரு மருத்துவருக்கு, பல்லும் தாடையும் இன்னொருவருக்கு என்றாயிற்று. உறக்கத்துக்கு மருத்துவரே இல்லை. பற்சீரமைப்புத் துறைக்குள் மரபுவாதம் வலுப்பெற்றது. முகத்தின் வளர்ச்சிக்கோலம் மிக இளவயதிலேயே உறுதிப்பட்டு, பின்னர் பெரிதும் மாறுவதில்லை என்ற ஆலன் பிராடியின் 1941ஆம் ஆண்டு ஆய்வு நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தது. குடும்பத் தாடை மீண்டும் விதியாயிற்று.

இந்த நிலையை அசைத்தவை மூன்று திசைகளிலிருந்து வந்த ஆய்வுகள். 1970இல் ஸ்வீடனின் லிண்டர்-ஆரோன்சன், அடினாய்டு மிகுந்த குழந்தைகளின் முக அளவுகள் பிறரிடமிருந்து வேறுபடுவதை அளந்து காட்டினார். அறுவைக்குப்பின் மூக்கால் மூச்சுவிடத் தொடங்கியவர்களிடம் அவ்வேறுபாடு ஓரளவு குறைந்ததையும் தொடர்ந்து பதிந்தார். கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் குரங்குகளின் மூக்குத்துளைகளை அடைத்துச் செய்த சோதனைகளில், அவற்றின் தாடையும் பல்வரிசையும் மாறின. ஆனால் எல்லாக் குரங்குகளும் ஒரேவிதமாக மாறவில்லை. ஒன்று தாடையைத் தாழ்த்தியது, மற்றொன்று நாக்கை நீட்டியது; அதற்கேற்ப எலும்பும் வேறுபட்டது. ஒரே தடைக்கு ஒவ்வோர் உடலும் தன் போக்கில் விடை கண்டது என்பது, மரபுவாதி, சூழல்வாதி ஆகிய இருவருக்குமே எளிதில் அடங்காத முடிவு.

இரண்டாம் திசை உறக்கக்கூடம். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே நடந்த பதிவுகள், உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதைக் காட்டின. 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்தியான் கில்மினோவும் உடனாய்வாளர்களும் எட்டுக் குழந்தைகளிடம் இதே நிலையை விவரித்தனர். ஆஸ்லர் கட்டிலருகில் நின்று கேட்டதை இப்போது கருவிகள் பதிவுசெய்தன. 1978இல் ஒரே குடும்பத்தினர் பலரிடம் இந்நிலை காணப்பட்டது அறிக்கையானது. 1995இல் கிளீவ்லாந்துக் குடும்ப ஆய்வு, பாதிக்கப்பட்ட உறவினர் எண்ணிக்கை கூடக்கூட ஒருவருக்குரிய வாய்ப்பும் கூடுகிறது என்றும், உடற்பருமனின் ஒற்றுமை மட்டுமே இதற்கு விளக்கமாகாது என்றும் காட்டியது.

இத்தொடர்பின் உடலியல் அடிப்படை எளியது. வாயின் கூரையே மூக்கின் தரை. மேல்தாடை குறுகினால் அண்ணம் உயர்ந்து மூக்கின் அறையும் குறுகுகிறது. கீழ்த்தாடை சிறுத்தால் நாக்குக்கு இடம் போதாது. உறக்கத்தில் தசைகள் தளரும்போது அது பின்சரிகிறது. மூக்கடைப்பு தாடையைக் குறுக்குகிறது. குறுகிய தாடை மூக்கை நெருக்குகிறது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் இது.

மூன்றாம் திசை இந்தியாவோடு நேரடித் தொடர்புடையது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980இல் இரட்டையர் பற்றிய ஆய்வொன்றில், பற்பொருத்தத்தின் வேறுபாடுகளில் மரபின் பங்கு நம்பப்பட்டதைவிடக் குறைவு என்று காட்டியிருந்தார். கென்டக்கியின் ஊரகச் சமூகமொன்றில் கடினமான உணவுண்டு வளர்ந்த முதியோரின் பல்வரிசை ஒழுங்காகவும், மென்மையான கடையுணவில் வளர்ந்த அவர்களின் வழித்தோன்றல்களுடையது ஒழுங்கற்றும் இருந்தன. ஒரே குடும்பங்கள், ஒன்றிரண்டு தலைமுறை இடைவெளி. அடுத்து, இந்திய ஆய்வாளர்களுடன் இணைந்து சண்டிகரின் நகர இளைஞர்களையும் பஞ்சாபின் கிராமத்து இளைஞர்களையும் அவர் ஒப்பிட்டார். முடிவுகள் 1983இல் வெளிவந்தன. மரபால் ஒத்த மக்களுக்குள்ளேயே, மெல்ல வேண்டிய உணவை உண்ட கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் பல் ஒழுங்கின்மை மிகுந்திருந்தது. மரபணுத் தொகுதி ஓரிரு தலைமுறையில் இவ்வாறு மாறாது. அடுப்பும் கடையும் மாறும். 2011இல் உலகின் பல மக்கட்குழுக்களின் மண்டையோடுகளை ஒப்பிட்ட நோரீன் ஃபான் கிராமோன்-டௌபாடலின் ஆய்வும், கீழ்த்தாடையின் வடிவம் வேட்டை, வேளாண்மை ஆகிய வாழ்முறை வேறுபாட்டைப் பிரதிபலிப்பதைக் காட்டியது.

இவ்வரலாறு 'குடும்பம்' என்ற சொல்லையே மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. ஒரு குடும்பத்தார் எலும்பின் அமைப்பை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே பானைச் சோற்றை உண்கின்றனர். ஒரே அறையின் புகையையும் தூசியையும் சுவாசிக்கின்றனர். எது இயல்பு என்ற எண்ணத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். எல்லாரும் குறட்டை விடும் வீட்டில் குறட்டை நோயாகத் தெரிவதில்லை. 'அவன் அப்பாவும் இப்படித்தான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பரம்பரை என்ற சொல் விளக்கமாக வந்து, விசாரணையை நிறுத்தும் கதவாகிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் சிறிதன்று. எல்லாம் பழக்கமே என்று கொண்டால், பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழும். எல்லாம் அடைப்பே என்று கொண்டால், 1934இன் நியூயார்க் மீண்டும் வரும். ஹாப்ஸ்பர்க் தாடை உண்மை. சண்டிகரின் பல்வரிசையும் உண்மை. எலும்பு மரபிலிருந்து ஒரு வரைவைப் பெறுகிறது. மெல்லுதலும் மூச்சும் அவ்வரைவின்மீது வேலை செய்கின்றன.

ஹில் 1889இல் சுட்டிய பிள்ளை இன்றும் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. வாய் திறந்து, கண் சொருகி, 'மந்தம்' என்ற பெயரோடு. அதன் இரவு எப்படிக் கழிகிறது என்று கேட்பதற்கான அறிவு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவசம் உள்ளது. ஆசிரியரும் பல்மருத்துவரும் தொண்டை மருத்துவரும் தத்தம் பகுதியை மட்டும் பார்த்தபடி அப்பிள்ளையைக் கடந்து செல்லும் வரை, அந்த அறிவு நூலகத்திலேயே தங்கியிருக்கும்.